மிதப்பும் மின்கலமும்: வீட்டிலேயே அடிப்படை அறிவியல் பயிலத் தொடங்குவோருக்கு

பள்ளிப் படிப்போடு அறிவியலை விட்டுவிட்டு, பல ஆண்டுகள் கழித்துத் தம் விருப்பத்துக்காக அதை மீண்டும் கற்க முனைவோர் பெரும்பாலும் காணொளிகளில் தொடங்கி, காணொளிகளிலேயே நின்றுவிடுகிறார்கள். எலுமிச்சம்பழத்தால் விளக்கு எரிவதைப் பார்ப்பது எளிது. அந்த விளக்கு எரிய எத்தனை பழம் வேண்டும் என்பதைச் செய்து பார்ப்பதற்கு முன்பே கணக்கிட்டுச் சொல்வதுதான் கற்றல் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன். அந்தப் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ள மிதப்பு, வீட்டில் செய்யும் மின்கலம் ஆகிய இரண்டைப் போலப் பொருத்தமான தலைப்புகள் குறைவு. இரண்டுக்கும் செலவு மிகக் குறைவு, இரண்டிலும் எண்கள் உடனே கிடைக்கின்றன, இரண்டிலும் பயன்படும் உப்பு நீர் ஒன்றே. மிதப்பைக் கண்ணால் காணலாம், மின்னோட்டத்தைக் காண முடியாது. ஆகவே மிதப்பில் தொடங்கி மின்கலத்துக்குச் செல்வதே நல்ல வரிசை.

தேவையான பொருள்கள்

ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு, மின்னழுத்தம், மின்னோட்டம் முதலியவற்றை அளக்கும் மலிவான டிஜிட்டல் மல்டிமீட்டர், இருபுறமும் குரோக்கடைல் கிளிப் பொருத்திய சில வயர்கள், 1,000 ஓம் ரெசிஸ்டர் (மின்தடையம்), சிவப்பு எல்.இ.டி. சில, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஆணிகள் அல்லது திருகாணிகள், மின்சாரக் கடையில் கிடைக்கும் கனமான செப்புக் கம்பி, சமையல் உப்பு, எலுமிச்சம்பழம், நூல், ஒரு நோட்டுப் புத்தகம் ஆகியவை போதும். நோட்டுப் புத்தகத்தை வேண்டாத ஒன்றாக எண்ண வேண்டாம். ஒவ்வொரு சோதனைக்கும் முன்பு ‘இந்த எண் வரும்’ என்று எழுதிவிட்டு, பிறகு அளந்து, இரண்டும் எவ்வளவு வேறுபட்டன என்று பக்கத்தில் குறித்துவைப்பதுதான் இந்த வழிகாட்டி முழுவதற்கும் அடிப்படை.

தொங்கும் கல்

முதலில் கைக்கு அடங்கும் ஒரு கருங்கல்லை எடுத்து, உலர்ந்த நிலையில் அதன் நிறையை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 270 கிராம் என்று கொள்வோம். பிறகு முக்கால் பங்கு நீர் உள்ள பாத்திரத்தைத் தராசின் மேல் வைத்து, ‘டேர்’ பொத்தானை அழுத்தி, தராசு பூஜ்யம் காட்டும்படி செய்யுங்கள். கல்லை நூலில் கட்டி, அது முழுவதும் நீருக்குள் மூழ்கும்படியும், ஆனால் பாத்திரத்தின் அடியையோ பக்கத்தையோ தொடாதபடியும் கையில் பிடித்துக்கொண்டு தராசைப் பாருங்கள்.

தராசு 270 காட்டாது, பூஜ்யமும் காட்டாது. ஏறத்தாழ 100 காட்டும். இந்த எண்ணை அவசரமாகக் கடந்து போகாதீர்கள், ஏனெனில் மிதப்பு பற்றிய பாடம் முழுவதும் இதற்குள் அடங்கியிருக்கிறது. நீர் கல்லை மேல்நோக்கித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி கல்லும் அதே அளவு விசையால் நீரைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. அந்தக் கீழ்நோக்கிய விசையைத்தான் தராசு காட்டுகிறது. அதன் அளவு, கல் விலக்கிய நீரின் எடைக்குச் சமம். ஒரு மில்லிலிட்டர் நீரின் நிறை ஏறத்தாழ ஒரு கிராம் என்பதால், 100 என்ற எண் கல்லின் கனஅளவு 100 மில்லிலிட்டர் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. 270ஐ 100ஆல் வகுத்தால் 2.7 வருகிறது. அதுவே கல்லின் அடர்த்தி, அதாவது ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை கிராம் என்பது. கிரானைட் வகைக் கற்களுக்கு 2.6 முதல் 2.7 வரை எதிர்பார்க்கலாம். மீதமுள்ள 170 கிராமின் எடையை உங்கள் கையில் உள்ள நூல் தாங்குகிறது. நூலை மெல்லத் தளர்த்திக் கல்லை அடியில் உட்கார வைத்தால், தராசு 270க்கு ஏறுவதைக் காணலாம்.

நீர் ஏன் மேல்நோக்கித் தள்ளுகிறது என்ற கேள்விக்கும் எண்ணாலேயே விடை காணலாம். ஆழம் ஒரு சென்டிமீட்டர் கூடும்போது, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மீதும் ஒரு கிராம் எடை அளவுக்கு அழுத்தம் கூடுகிறது. 5 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரத்தின் மேற்பரப்பு 3 சென்டிமீட்டர் ஆழத்தில் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் மேற்பரப்பு 25 சதுர சென்டிமீட்டர். அதன் மீது கீழ்நோக்கி 75 கிராம் எடை அழுத்துகிறது. அடிப்பரப்பு 8 சென்டிமீட்டர் ஆழத்தில் இருப்பதால், அங்கே மேல்நோக்கி 200 கிராம் எடை அழுத்துகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 125. கனசதுரத்தின் கனஅளவும் 5×5×5, அதாவது 125. ஆழத்தை 3க்குப் பதில் 30 என்று மாற்றிக் கணக்கிட்டுப் பாருங்கள், வேறுபாடு மாறாது. முழுதும் மூழ்கிய பொருளின் மிதப்பு விசை ஆழத்தைச் சார்ந்ததன்று என்பது இவ்வாறு உங்கள் கையாலேயே நிறுவப்பட்டுவிடுகிறது.

இந்த விதியைக் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் சிராக்யூஸ் நகரில் வாழ்ந்த ஆர்க்கிமிடீஸ் வகுத்தார். குளியல் தொட்டியிலிருந்து எழுந்து ஓடிய கதையை அவருக்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் பிற்பட்ட ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதிய நூலில்தான் காண்கிறோம். மிதக்கும் பொருள்களைப் பற்றி ஆர்க்கிமிடீஸ் எழுதிய நூலில் கதை இல்லை. வடிவியல் நிரூபணங்களே உள்ளன. கதையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு நிரூபணத்தை விட்டுவிடுவது அவருக்கு நாம் செய்யும் குறை.

மிதக்கும் டப்பா

அடுத்ததாக, நேரான பக்கங்களும் தட்டையான அடியும் உள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து, அடியின் நீள அகலத்தை அளந்துகொள்ளுங்கள். 10 சென்டிமீட்டருக்கு 8 சென்டிமீட்டர் என்றால், பரப்பு 80 சதுர சென்டிமீட்டர். டப்பா ஒவ்வொரு சென்டிமீட்டர் கூடுதலாக இறங்கும்போதும் 80 கிராம் நீரை விலக்குகிறது. ஆகவே 80 கிராம் கூடுதல் சுமையைத் தாங்குகிறது. இப்போது 160 கிராம் அரிசியைப் போடுவதற்கு முன்பே, டப்பா 2 சென்டிமீட்டர் இறங்கும் என்று எழுதிவிட்டு, பக்கத்தில் பேனாவால் கோடிட்டுச் சரிபாருங்கள். மூலைகள் வளைந்திருந்தால் சிறிது வேறுபாடு வரும்; அந்த வேறுபாட்டுக்குக் காரணம் தேடுவதும் பாடத்தின் ஒரு பகுதியே.

இரும்பின் அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ 7.8 மடங்கு. ஆயினும் இரும்புக் கப்பல் மிதப்பதற்கு, அதன் உள்ளே உள்ள காலி இடத்தையும் சேர்த்து அது விலக்கும் நீரே காரணம். இதை இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. டப்பாவில் துளையிட்டு நீர் புகவிட்டால், நீங்களே கண்டுகொள்வீர்கள்.

உப்பு நீரும் அதை அளக்கும் குழாயும்

ஒரு லிட்டர் நீரில் புதிய கோழிமுட்டை ஒன்றைப் போடுங்கள். அது மூழ்கும். 20 கிராம், 20 கிராமாக உப்பைச் சேர்த்துக் கலக்கிக்கொண்டே வந்தால், பெரும்பாலும் 100 முதல் 150 கிராம் உப்புக்குள் முட்டை மேலே வந்துவிடும். அந்நிலையில் உப்பு நீரின் அடர்த்தி 1.07 முதல் 1.1 வரை இருக்கும். பழைய முட்டை முன்னதாகவே மிதக்கும். ஓட்டின் நுண்துளைகள் வழியே ஈரம் வெளியேறி, உள்ளே காற்றறை பெரிதாவதால், கனஅளவு மாறாமலே நிறை குறைந்துவிடுகிறது என்பதே அதன் காரணம்.

நெல் விதைத் தேர்வில் நம் விவசாயிகள் கையாளும் முறையும் இதுவே. முட்டை மேலே மிதந்து, அதன் ஓடு ஒரு நாணய அளவுக்கு வெளியே தெரியும்வரை நீரில் உப்பைக் கரைத்து, அதில் விதைநெல்லைக் கொட்டினால், பதரும் பால் முற்றாத விதைகளும் மிதக்கும். திரட்சியான விதைகள் அடியில் தங்கும். பிறகு நல்ல விதைகளை இரண்டு மூன்று முறை வெறும் நீரில் கழுவ வேண்டும், ஏனெனில் உப்பு முளைப்பைப் பாதிக்கும். முட்டை இங்கே ஓர் அளவுகோலாகவே பயன்படுகிறது.

முட்டையைவிட நுட்பமான அளவுகோலை நீங்களே செய்துகொள்ளலாம். மேலிருந்து கீழ்வரை ஒரே தடிமனும், பக்கத்தில் துளை இல்லாத உடலும் கொண்ட ஒரு காலிப் பேனாக் குழாயின் அடியை மெழுகால் அடைத்து, அது நீரில் நிமிர்ந்து நிற்கும்வரை உள்ளே சிறு ஆணிகளைப் போடுங்கள். வெறும் நீரில் அது 80 மில்லிமீட்டர் மூழ்குகிறது என்று கொள்வோம். அடர்த்தி கூடினால், தன் எடைக்குச் சமமான நீரை விலக்கக் குறைந்த ஆழமே போதும். ஆகவே மூழ்கும் ஆழம் 80ஐ அடர்த்தியால் வகுத்தால் கிடைக்கும் எண், அடர்த்தி 1.1 என்றால் ஏறத்தாழ 73 மில்லிமீட்டர். மில்லிமீட்டர் கோடிட்ட காகிதத் துண்டைக் குழாயின் உட்புறம் ஒட்டிவைத்தால் ஹைட்ரோமீட்டர் தயார். பால் கொள்முதல் நிலையத்தில் பயன்படும் பால்மானி இதே கருவிதான். அதன் மேற்பகுதி மெல்லியதாக இருப்பதால், அடர்த்தியில் ஏற்படும் மிகச் சிறு மாற்றத்துக்கும் அது கணிசமாக ஏறி இறங்கும்.

நீங்கள் செய்த குழாயைக் கொண்டு 1.02, 1.05, 1.10 என்ற மூன்று அடர்த்திகளில் உப்பு நீரைத் தயாரித்து, பெயரெழுதிய பாட்டில்களில் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது கடல்நீருக்கு நெருக்கமானது. இவை மூன்றும் மின்கலத்துக்குத் தேவைப்படும்.

முதல் மின்கலம்

உலோகங்களால் தொட்டபோது தவளைக் காலில் இத்தாலிய மருத்துவர் கால்வானி கண்ட துடிப்புக்குக் காரணம் தசையா உலோகமா என்ற விவாதத்திலிருந்து பிறந்ததே மின்கலம். துத்தநாகம், வெள்ளி ஆகியவற்றின் தட்டுகளுக்கு இடையில் உப்பு நீரில் நனைத்த அட்டைகளை வைத்து அடுக்கி, தொடர்ந்து மின்னோட்டம் பெற முடியும் என்று இத்தாலியரான அலெஸாண்ட்ரோ வோல்டா 1800 மார்ச் 20 அன்று லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். நாம் செய்யப்போவது அதன் எளிய வடிவமே.

எலுமிச்சம்பழத்தை மேசை மேல் அழுத்தி உருட்டி, உள்ளே சாறு கசியச் செய்யுங்கள். ஒரு ஜி.ஐ. ஆணியையும், தோலுரித்து உப்புத்தாளால் தேய்த்த செப்புக் கம்பியையும், இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் குத்துங்கள். மல்டிமீட்டரை நேர்மின்னழுத்தப் (DC V) பகுதியில் ‘20’ என்ற இடத்தில் வைத்து, சிவப்பு முனையைச் செம்பிலும் கறுப்பு முனையைத் துத்தநாகத்திலும் வையுங்கள். 0.9 முதல் 1 வோல்ட் அளவில் காட்டும். முனைகளை மாற்றினால் கழித்தல் குறி வரும். செம்பே நேர்முனை என்பதற்கு அது சான்று.

இப்போது பழத்துக்குப் பதிலாக வினிகர், புளிக்கரைசல், மோர், உப்பு நீர் என ஒவ்வொன்றிலும் அதே இரு உலோகங்களை வைத்து அளந்து பாருங்கள். மின்னழுத்தம் பெரிதாக மாறாது. அடுத்து, உலோகங்களை மாற்றுங்கள்: இரண்டு முனைகளிலும் செம்பையே வைத்தால், மீட்டர் பூஜ்யத்துக்கு அருகில் வந்துவிடும். இந்த இரண்டு சோதனைகளையும் செய்தவர், மின்சாரம் பழத்தில் இருக்கிறது என்று ஒருபோதும் சொல்ல மாட்டார். ஆற்றல் துத்தநாகத்திலிருந்து வருகிறது. துத்தநாக அணுக்கள் இரண்டு எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனிகளாகக் கரைகின்றன. அந்த எலக்ட்ரான்கள் வயர் வழியே செம்புக்குச் சென்று, அங்கே அமிலத்திலுள்ள ஹைட்ரஜன் அயனிகளாலும் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனாலும் ஏற்றுக்கொள்ளப்படுகின்றன. அயனிகள் நகர வழிவிடும் மின்பகுளியாகவே சாறு பயன்படுகிறது. ஓர் ஆம்பியர் மின்னோட்டத்தை ஒரு மணி நேரம் தர ஏறத்தாழ 1.22 கிராம் துத்தநாகம் கரைய வேண்டும். ஆணியின் மேற்பூச்சு தீர்ந்து உள்ளிருக்கும் இரும்பு வெளிப்பட்டால் மின்னழுத்தம் இறங்குவதும் இதனால்தான்.

எத்தனை பழம் வேண்டும்?

ஒரு வோல்ட் தரும் பழத்தில் டார்ச் பல்பை இணைத்தால் எரியவே எரியாது. ஏன் என்று அறிய, அகமின்தடையை, அதாவது மின்னோட்டத்துக்குக் கலத்தின் உள்ளேயே இருக்கும் தடையை அளக்க வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் தவிர்த்துவிடும் இந்த அளவீட்டில்தான் மின்கலம் உண்மையில் புரியத் தொடங்குகிறது. ஆகவே பொறுமையோடு செய்யுங்கள்.

எதையும் இணைக்காதபோது பழம் 0.95 வோல்ட் காட்டுகிறது என்று கொள்வோம். இப்போது ஆணிக்கும் செம்புக்கும் குறுக்கே 1,000 ஓம் ரெசிஸ்டரை இணைத்து, அதன் இரு முனைகளிலும் மீண்டும் அளந்தால், 0.38 வோல்ட் மட்டுமே வருகிறது என்க. மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் என்ற ஓமின் விதிப்படி, மின்னோட்டம் 0.38 மில்லியாம்பியர். காணாமற்போன 0.57 வோல்ட் பழத்துக்குள்ளேயே செலவாகியிருக்கிறது, அதை 0.38 மில்லியாம்பியரால் வகுத்தால் 1,500 ஓம். இதுவே அந்தப் பழ மின்கலத்தின் அகமின்தடை. டார்ச் பல்புக்கு நூற்றுக்கணக்கான மில்லியாம்பியர் தேவை. இந்தப் பழமோ நேரடியாக முனைகளை இணைத்தாலும் ஒரு மில்லியாம்பியரைத் தொடாது.

சிவப்பு எல்.இ.டி. ஒளிர ஏறத்தாழ 1.8 வோல்ட் தேவை. வெள்ளை, நீல எல்.இ.டி.களுக்கு 3 வோல்ட் அளவில் வேண்டும். மூன்று பழங்களை, ஒன்றின் செம்பை அடுத்ததன் துத்தநாகத்தோடு சேர்த்துத் தொடராக இணைத்தால், 2.85 வோல்ட் கிடைக்கும். அகமின்தடையும் 4,500 ஓமாகக் கூடும். எல்.இ.டி.க்குப் போக மிஞ்சும் 1.05 வோல்ட்டை 4,500ஆல் வகுத்தால் 0.23 மில்லியாம்பியர். இருட்டறையில் மங்கலாகத் தெரியும் ஒளி அது. நான்காவது பழத்தைச் சேர்த்தால் 0.33 ஆகும். ஆனால் பழத்தைக் கூட்டாமல், மூன்று பழங்களிலும் உலோகத்தின் பரப்பை இரு மடங்காக்கினால், அகமின்தடை ஏறத்தாழப் பாதியாகி, மின்னோட்டம் 0.47ஐ எட்டும். பழத்தைக் கூட்டுவதைவிட உலோகப் பரப்பைக் கூட்டுவது மேல் என்பதைக் கணக்கே காட்டிவிடுகிறது. உங்கள் எண்களைக் கொண்டு இதே கணக்கை முன்கூட்டியே எழுதிவிட்டு, பிறகு இணையுங்கள். எல்.இ.டி.யின் நீண்ட கால் செம்பின் பக்கம் இருக்க வேண்டும்.

ஒரே பழத்தில் மூன்று இணை உலோகங்களைக் குத்தித் தொடராக இணைத்தால் மூன்று மடங்கு மின்னழுத்தம் கிடைக்காது. உள்ளே சாறு எல்லா இணைகளுக்கும் பொதுவாக இருந்து, அவற்றைக் குறுக்கே இணைத்துவிடும். ஒவ்வொரு கலமும் தனித்தனிப் பாத்திரத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகவே, உப்பு நீரில் செய்யும்போது ஃப்ரிட்ஜில் உள்ள ஐஸ் ட்ரே மிகவும் வசதியாக இருக்கிறது.

உப்பு நீர், வாழைத்தண்டு, அலுமினியத் தாள்

முன்பு தயாரித்து வைத்த மூன்று உப்பு நீர்களையும் ட்ரேயின் தனித்தனிக் குழிகளில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரே அளவு உலோகத்தை ஒரே ஆழத்துக்கு இறக்கி, 1,000 ஓம் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். உப்பு கூடக் கூட அகமின்தடை குறையும். ஆனால் அடர்த்திக்கு நேர்விகிதத்தில் குறையாது. அமிலம் இல்லாத உப்பு நீரில், செம்பின் பக்கம் எலக்ட்ரான்களை ஏற்பது பெரும்பாலும் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனே. அது செம்பின் அருகே தீர்ந்துபோனால், எவ்வளவு உப்பு இருந்தும் மின்னோட்டம் கூடாது. ஒரு குச்சியால் மெல்லக் கலக்கிவிட்டு மீட்டரைப் பாருங்கள், எண் ஏறும்.

காய்களைக் கொண்டு செய்ய விரும்புவோர் உருளைக்கிழங்கை வேகவைத்துப் பார்க்கலாம். எட்டு நிமிடம் வேகவைத்த உருளைக்கிழங்கு பச்சைக் கிழங்கைவிடப் பத்து மடங்கு வரை கூடுதல் திறன் தருவதாக ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்டனர். கிழங்கின் செல் சுவர்கள் சிதைந்து அயனிகள் எளிதாக நகர்வதால், அகமின்தடை குறைகிறது. இலங்கையில் களனிப் பல்கலைக்கழகத்தார் அதே முறையை வாழைத்தண்டில் செய்து, ஒத்த முன்னேற்றத்தைக் கண்டனர். நம் வீடுகளுக்கு இது இன்னும் பொருத்தமானது. பச்சைத்தண்டு, வேகவைத்த தண்டு இரண்டையும் 1,000 ஓம் ரெசிஸ்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு சிறு மோட்டாரைச் சுழற்ற வேண்டுமானால் அலுமினியம்–காற்று மின்கலமே வழி. உணவு பொதியும் அலுமினியத் தாளை விரித்து, அதன் மேல் 1.10 உப்பு நீரில் நனைத்த டிஷ்யூ காகிதத்தை வைத்து, அதன் மேல் மீன் தொட்டிக் கடைகளில் கிடைக்கும் ஆக்டிவேட்டட் கார்பனைப் பொடித்து, அதே உப்பு நீரால் ஈரப்படுத்திப் பரப்புங்கள். கரியின் மேல் ஒரு செப்புக் கம்பிச் சுருளை வைத்து அழுத்தி, அது அலுமினியத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கரியின் நுண்துளைகள் காற்றிலுள்ள ஆக்சிஜனுக்கு மிகப் பெரிய பரப்பைத் தருவதால், இந்தக் கலம் பழத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் தரும். குறைந்த மின்னழுத்தத்தில் ஓடும் சோலார் பொம்மை மோட்டார்கள் இதற்கு ஏற்றவை. கையால் அழுத்தம் கூட்டும்போது மோட்டார் விரைவதைக் காணலாம்.

கட்டாயம் கவனிக்க வேண்டியவை

சோதனையில் பயன்படுத்திய பழம், கிழங்கு, வாழைத்தண்டு எதையும் உண்ணக் கூடாது. துத்தநாகமும் செம்பும் அவற்றில் கரைந்திருக்கும். சமையல் பாத்திரங்களை உலோக முனைகளாகப் பயன்படுத்த வேண்டாம். மல்டிமீட்டரை வீட்டு மின்சாரத்தின் சாக்கெட்டில் எக்காரணம் கொண்டும் செருகக் கூடாது; மின்னோட்டம் அளக்கும் நிலையில் மீட்டரின் உள்தடை மிகக் குறைவு என்பதால், அவ்வாறு செருகினால் உயிருக்கே ஆபத்து நேரும். செல்போன் மின்கலம் உள்ளிட்ட லித்தியம் மின்கலங்களையும், அல்கலைன் மின்கலங்களையும் பிரித்துப் பார்க்க வேண்டாம். குழந்தைகள் உடனிருந்தால் பொத்தான் வடிவ மின்கலங்களை அவர்கள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

மிதப்பும் மின்கலமும் சந்திக்கும் இடம்

வீட்டு இன்வெர்ட்டரில் உள்ள ஈய–அமில மின்கலத்தில், மின்னேற்றம் குறையக் குறைய, கந்தக அமிலம் ஈயத் தகடுகளோடு வினைபுரிந்து தீர்ந்துகொண்டே வரும். கரைசல் நீர்த்து, அடர்த்தி குறையும். முழுதும் மின்னேற்றிய நிலையில் அடர்த்தி ஏறத்தாழ 1.28 ஆகவும், மின்னேற்றம் தீர்ந்த நிலையில் 1.12க்கு அருகிலும் இருக்கும். பழுது பார்ப்பவர் கண்ணாடிக் குழாயில் உறிஞ்சிப் பார்க்கும் மிதவை, நீங்கள் பேனாக் குழாயில் செய்த அதே ஹைட்ரோமீட்டர். மின்கலத்தின் மூடியில் ஏறி இறங்கும் மிதவை மட்டும் வேறு. அது அடர்த்தியைக் காட்டாது, உள்ளே நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதையே காட்டும். அமிலம் கண்ணையும் தோலையும் எரித்துவிடும் என்பதால் மூடியை நீங்கள் திறக்காதீர்கள். அடுத்த முறை பழுது பார்ப்பவர் வரும்போது சற்று எட்ட நின்று, ஆறு கலங்களின் அளவையும் கேட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து கலங்கள் 1.25 காட்டி ஒன்று மட்டும் 1.15 காட்டினால், பழுது எந்தக் கலத்தில் என்பதை அவர் சொல்வதற்கு முன்பே நீங்கள் அறிந்திருப்பீர்கள்.